டைவி நதிக்கரையில் ஒரு சிறிய சர்வகலாசாலை

பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. லண்டனுக்குப் போனால் பார்லிமெண்டு மணிக்கூண்டை வர்ணிக்க வேண்டும். பாரிஸுக்குப் போனால் இரும்புக் கோபுரத்தின் உயரத்தைச் சொல்ல வேண்டும். கலாசாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலோ, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பெயர்களுக்கு மேல் மூன்றாவது பெயர் வரவே கூடாது. இந்தச் சம்பிரதாயத்தை நாம் இந்தத் தடவை மீறி விட்டோம். அந்த மூன்றாவது பெயரைத் தேடிக்கொண்டே போனோம். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த பூமியில், பட்டம் வழங்கும் ஸ்தாபனங்களுக்குள் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அடுத்தபடியாகத் தோன்றியது தானே என்று நெடுங்காலமாகப் பெருமை சொல்லி வந்த கலாசாலை ஒன்று, வேல்ஸ் தேசத்தின் மேற்குப் பகுதியில் லாம்பீட்டர் என்னும் சின்ன ஊரில் இருக்கிறது.

"இருக்கிறது" என்றா, "இருந்தது" என்றா எழுதுவது? கட்டடம் இருக்கிறது. புல்தரை இருக்கிறது. 1822-ம் வருஷத்தில் நாட்டிய அஸ்திவாரக்கல்லும் அசையாமல் இருக்கிறது. வகுப்புகள் மட்டும் போய்விட்டன. 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல், அங்கே நடந்து வந்த பாடங்கள் வேறு ஊருக்கு மாற்றப்பட்டன.

இது ஏதோ தூர தேசத்துச் சமாசாரம்தானே, நமக்கென்ன என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் உபாத்தியாயத் தொழில் செய்கிறவர்கள். பரீட்சை முடிவு வெளியாகும் மாதத்தில் பெற்றோர் நம்மிடம் வருகிறார்கள். கையில் பளபளப்பான விளம்பரப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் புல்தரையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் படம் இருக்கும். "ஸார், இந்தச் சர்வகலாசாலை உலகப் பட்டியலில் இத்தனையாவது இடமாம். பையனை அனுப்பலாமா?" என்று கேட்பார்கள். வீட்டை அடமானம் வைக்கத் தயாராக வந்திருப்பார்கள். பட்டியலில் இடம் பெற்றவை எவை என்று அந்தப் புத்தகம் சொல்லும். பட்டியலில் இடம் பெறாதவை என்ன ஆகின்றன என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளவே நாம் லாம்பீட்டருக்குப் புறப்பட்டோம்.

லண்டனில் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், மேற்கே செவர்ன் நதியின் கழிமுகத்துக்கு அடியில் நாலு மைலுக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தில் வண்டி நுழைகிறது. அந்தச் சுரங்கம் 1886-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. வெளியே வந்ததும் வேறு தேசம். ஸ்டேஷன் பலகைகளில் இரண்டு பாஷை. சாலையில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டிய இடங்களில், ஆங்கிலத்தோடு கூட "அராவ்" என்ற வேல்ஷ் வார்த்தையையும் தரையிலேயே பெரிய எழுத்துக்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி, வேல்ஸ் தேசத்தில் தங்கள் பாஷையைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. லாம்பீட்டர் அமைந்துள்ள கெரெடிகியான் ஜில்லாவில் மட்டும் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர். ஆகவே நாம் போவது அந்தப் பாஷை இன்னும் கடைத்தெருவில் உயிரோடு இருக்கும் ஒரு பிரதேசத்துக்கு.

கார்மார்தன் என்ற பழைய நகரத்தில் ரயிலை விட்டு இறங்கி, மோட்டார் பஸ் ஏற வேண்டும். ஒரு காலத்தில் லாம்பீட்டருக்கு ரயிலே இருந்தது. 1965-ம் வருஷத்தில் பிரயாணி வண்டிகளை நிறுத்தினார்கள். எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று தலையை எண்ணிப் பார்த்துச் செய்த முடிவு அது. தலையை எண்ணும் கணக்கு லாம்பீட்டருக்குள் நுழைந்தது அப்போதுதான் என்று சொல்லலாம். இப்போது மின்சார பஸ் ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் மேடும் பள்ளமுமான பசும்புல் நிலம், ஆட்டு மந்தைகள், கல் வேலிகள், சிறிய ஜபக்கூடங்கள். பஸ்ஸில் நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மூதாட்டிகள் வழி முழுவதும் வேல்ஷ் பாஷையில் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு வார்த்தைகூட நமக்குப் புரியவில்லை. ஆனால் மருமகளைப் பற்றித்தான் பேச்சு என்பது குரலிலிருந்தே விளங்கிற்று!

லாம்பீட்டர் மூவாயிரம் ஜனங்களுக்கு உட்பட்ட ஊர். நம் நாட்டில் இதைக் கிராமம் என்றே சொல்வோம். டைவி நதி ஊரை ஒட்டி ஓடுகிறது. "ஸ்டீபன் பாலத்தருகே பீட்டரின் கோயில்" என்பதே வேல்ஷ் பாஷையில் இந்த ஊருக்குள்ள முழுப் பெயரின் அர்த்தம். கடைத்தெருவின் நடுவே ஹார்போர்டு சதுக்கம் என்று ஓர் இடம். அங்கிருந்து சில நிமிஷம் நடந்தால் கலாசாலை வந்துவிடுகிறது. சதுரமான முற்றம், நான்கு பக்கமும் வெண்மையான கட்டடம், மூலைகளில் சிறு கோபுரங்கள். ஆக்ஸ்போர்டு கலாசாலை ஒன்றைச் சிறிதாக்கிக் கொண்டுவந்து ஆட்டு மந்தைகளுக்கு நடுவே வைத்தது போலிருக்கிறது. பக்கத்திலேயே பழைய கோட்டை ஒன்றின் மண்மேடு. கட்டடத்துக்குப் படம் போட்டவர் காக்கரெல் என்ற பிரசித்தி பெற்ற சிற்பி.

இதை ஸ்தாபித்தவர் தாமஸ் பர்ஜஸ் என்னும் பிஷப். அக்காலத்தில் வேல்ஸ் தேசத்துப் பையன்கள் உயர்ந்த படிப்புப் படிக்க வேண்டுமானால் ஆக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ போயாக வேண்டும். குடியானவன் மகனுக்கு அது எட்டாக் கனி. "பையன் கலாசாலைக்குப் போக முடியாவிட்டால் கலாசாலை பையனிடம் வரட்டும்" என்பதுதான் பிஷப்பின் யோசனையின் சாராம்சம். தமது ஆதிக்கத்துக்குட்பட்ட பாதிரிமார்கள் தங்கள் வருஷ வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும்படி செய்தார். நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆயிரம் பவுன் கொடுத்தார். ஹார்போர்டு என்ற தனவந்தர் நிலத்தைத் தானம் செய்தார். 1822-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அஸ்திவாரம் போடப்பட்டது. 1827-ம் வருஷம் மார்ச் மாதம் முதல் தேதி, வேல்ஸ் தேசத்தின் காவல் தெய்வம் போன்ற செயிண்ட் டேவிட் திருநாளன்று, கலாசாலை திறக்கப்பட்டது. பிஷப் பர்ஜஸ் அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு மாற்றல் உத்தரவு வருவது எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான வழக்கம் போலும்!

இந்தக் கலாசாலையின் பொக்கிஷம் அதன் பழைய புஸ்தகசாலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கையால் எழுதப்பட்ட லத்தீன் பைபிள் முதல், அச்சு யந்திரம் தோன்றிய காலத்துப் புஸ்தகங்கள் வரை அதில் உண்டு. 2008-ம் வருஷத்தில் இவற்றுக்கென்று தனியாக ஒரு கட்டடமே கட்டினார்கள். அந்த நூல்களில் மிகப் பெரும் பகுதியைக் கொடுத்தவர் யார் என்று விசாரித்தபோது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பெயர் தாமஸ் பிலிப்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியில் ரண சிகிச்சை வைத்தியராக நமது தேசத்தில் பல வருஷங்கள் இருந்து, பெரும் பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர். தமது முதுமைக் காலத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட புஸ்தகங்களை வாங்கி லாம்பீட்டருக்கு அனுப்பினார். 1851-ம் வருஷத்தில் காலஞ்சென்றார். அவர் எந்த வழியில் எவ்வளவு சம்பாதித்தார் என்ற கணக்கில் நாம் இறங்கவில்லை. ஆனால் அந்தப் புஸ்தகங்களின் விலையில் நம் பாரத பூமியின் பணமும் கலந்திருக்கிறது. கம்பெனிக்காரர்களில் பலர் அந்தப் பணத்தில் மாளிகை கட்டினார்கள். இவர் ஏழை மாணவர்களுக்குப் புஸ்தகம் வாங்கினார் என்ற வரையில் நாம் திருப்தி அடையலாம்.

1852-ம் வருஷத்தில் மத நூல் பட்டமும், 1865-ம் வருஷத்தில் பி. ஏ. பட்டமும் வழங்கும் உரிமை இந்தச் சிறு கலாசாலைக்குக் கிடைத்தது. 1866-ம் வருஷத்தில் இதன் மாணவர்கள் பக்கத்து ஊர்க் கலாசாலையோடு ஆடியதுதான், வேல்ஸ் தேசத்தில் பதிவான முதல் ரக்பி பந்தாட்டம் என்கிறார்கள். பெண்களைச் சேர்க்க மட்டும் 1965-ம் வருஷம் வரை மனம் வரவில்லை. 1971-ம் வருஷத்தில் வேல்ஸ் சர்வகலாசாலை என்ற பெரிய கூட்டுக் குடும்பத்தில் சேர்ந்தது. பழைய கிரேக்கம், லத்தீன், சரித்திரம், தத்துவம், புதைபொருள் ஆராய்ச்சி, பல மதங்களின் சாஸ்திரங்கள் ஆகியவை இதன் பாடங்கள். கிறிஸ்தவக் குருமார்களுக்கென்று ஏற்பட்ட இடத்தில் பிற்காலத்தில் இஸ்லாமிய சாஸ்திரங்களையும் போதித்தார்கள். தொழுகைக்கு இடமும் கொடுத்தார்கள். செழித்திருந்த காலத்திலும் வளாகத்தில் மாணவர் கூட்டம் இரண்டாயிரத்தை எட்டியதாகச் சொல்வதற்கில்லை. ஆசிரியருக்கு ஒவ்வொரு மாணவனின் பெயரும் தெரியும். ஊராருக்கும் தெரியும்.

கடைத்தெருவில் நாம் தேநீர் அருந்திய கடையின் எஜமானி அம்மாள் அறுபது வயதைத் தாண்டியவர். அவர் சொன்னார்: "எங்கள் தாயார் காலத்திலிருந்து வீட்டு மாடியில் மாணவர்கள் குடியிருந்தார்கள், ஐயா. வாடகை பெரிதில்லை. அக்டோபர் மாதம் வந்தால் ஊருக்கு வயசு குறையும். புது முகங்கள், புதுச் சிரிப்பு. இப்போது அக்டோபர் வருகிறது. ஆனால் அவர்கள் வருவதில்லை." இதைச் சொல்லிவிட்டு அவர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். மேஜை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? யாராவது ஒரு துஷ்டன் வந்து கலாசாலையைக் கெடுத்தான் என்றால் கதை சொல்லச் சுலபமாக இருக்கும். அப்படி ஒருவரும் இல்லை. பல சிறு காரணங்கள், ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றுபவை, ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

முதலாவது, பணம் மாணவனைத் தொடர்ந்து போகும் ஏற்பாடு. முன்னெல்லாம் பிரிட்டனில் சர்க்கார் கலாசாலைகளுக்குப் பணம் கொடுத்தது. மாணவன் சம்பளம் கட்டவில்லை. 1998-ம் வருஷத்தில் வருஷத்துக்கு ஆயிரம் பவுன் வரை சம்பளம் விதித்தார்கள். 2012-ம் வருஷத்தில் அது ஒன்பதினாயிரம் பவுன் வரை ஏறிற்று. சர்க்கார் கடன் கொடுக்கும். மாணவன் பின்னால் கட்ட வேண்டும். அன்றிலிருந்து ஒரு கலாசாலையின் வாழ்வு அதன் வாசலில் நுழையும் தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாயிற்று. இங்கிலாந்தில் ஒவ்வொரு சர்வகலாசாலையும் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்றிருந்த வரம்பையும் 2015-ம் வருஷத்தில் எடுத்து விட்டார்கள். பெரிய கலாசாலைகள் கதவை அகலத் திறந்தன. வேல்ஸ் தேசத்துப் பையன்கள் எல்லை தாண்டிப் போனார்கள். பல வருஷங்கள் வரை வேல்ஸ் சர்க்காரே அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கை இங்கிலாந்துக் கலாசாலைகளுக்குக் கட்டி வந்தது. பெரிய கடை பெருக்கும், சிறிய கடை சிறுக்கும் என்பது வியாபாரத்தில் சகஜம். கல்வியும் அந்தச் சந்தைக்கே வந்து சேர்ந்தது.

இரண்டாவது, உலகப் பட்டியல். 2003-ம் வருஷத்தில் ஷாங்காய் நகரத்திலிருந்து ஒரு பட்டியல் வெளியாயிற்று. மறு வருஷம் லண்டனிலிருந்து மற்றொன்று. ஆராய்ச்சிக் கட்டுரைகள் எத்தனை, பரிசு பெற்ற விஞ்ஞானிகள் எத்தனை பேர் என்று இவை எண்ணிப் பார்க்கின்றன. கிரேக்க நாடகத்தை உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியரை எந்தத் தராசில் நிறுப்பது? சிறிய கலாசாலைகள் இந்தப் பட்டியல்களில் கடைசி இடத்தில்கூட இல்லை, பட்டியலுக்கே வருவதில்லை. சென்னையிலோ லாகோஸிலோ இருக்கும் ஒரு தகப்பனார் பட்டியலைப் பார்த்துத்தானே பையனை அனுப்புகிறார்?

மூன்றாவது, வெளிநாட்டு மாணவர்களின் சம்பளம். உள்நாட்டு மாணவரிடம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு உண்டு. வெளிநாட்டாருக்கு வரம்பு கிடையாது. ஆகவே பிரிட்டிஷ் சர்வகலாசாலைகள் இந்தியாவையும் சீனாவையும் நைஜீரியாவையும் பார்த்துக்கொண்டே வரவு செலவுத் திட்டம் போடத் தொடங்கின. 2024-ம் வருஷம் ஜனவரி முதல், பாடம் கேட்டு எம். ஏ. படிக்க வரும் வெளிநாட்டார் குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்று சர்க்கார் விதித்தது. கூட்டம் குறைந்தது. பெரிய கலாசாலைகளே தடுமாறின. வேல்ஸ் தலைநகரத்துக் கார்டிஃப் சர்வகலாசாலை 2025-ம் வருஷம் ஜனவரியில் நானூறு உத்தியோகங்களைக் குறைக்கும் யோசனையை வெளியிட்டது. யானைக்கே அடி சறுக்கும்போது எறும்பின் கதியைக் கேட்பானேன்!

இவ்வளவும் வெளியிலிருந்து வந்த காரணங்கள். வீட்டுக்குள்ளிருந்து வந்த காரணம் ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1893-ம் வருஷத்தில் ஏற்பட்ட வேல்ஸ் சர்வகலாசாலை ஒரு தேசத்தின் கௌரவச் சின்னமாக மதிக்கப்பட்டது. பிற்காலத்தில் அது உலகம் முழுவதிலும் நூற்றுக்கு மேற்பட்ட தனியார் கலாசாலைகளுக்குத் தன் பெயரைக் கொடுத்தது. அவர்கள் பாடம் நடத்துவார்கள். பட்டத்தில் வேல்ஸ் சர்வகலாசாலையின் முத்திரை இருக்கும். அதற்குக் கட்டணம் வரும். 2010, 2011-ம் வருஷங்களில் பி. பி. சி. நிருபர்கள் துருவிப் பார்த்தபோது, அக் கலாசாலைகளில் சிலவற்றின் யோக்கியதை அம்பலமாயிற்று. பெரிய அவமானம். 2011-ம் வருஷத்தில் அந்த ஏற்பாட்டையே கைவிடுவதாக அறிவித்தார்கள். ஏழைப் பையனுக்கு வீட்டருகே படிப்பு என்பதற்காக ஏற்பட்ட பெயர், கண்காணாத தேசங்களில் முத்திரை குத்தும் கட்டையாக மாறிற்று. லாம்பீட்டர் ஆசிரியர்கள் இதற்குப் பொறுப்பாளிகள் அல்ல. ஆனால் குடும்பத்தின் பெயர் கெட்டால் கடைக்குட்டிக்கும் பெண் கொடுக்க யோசிப்பார்கள் அல்லவா?

அதற்குள் லாம்பீட்டர் தன் தனிக் குடித்தனத்தை இழந்திருந்தது. 2010-ம் வருஷத்தில் கார்மார்தன் டிரினிடி கலாசாலையோடு அதை ஒன்றாக்கினார்கள். பிறகு ஸ்வான்ஸீ நகரக் கலாசாலையும் சேர்ந்தது. புதிய சர்வகலாசாலைக்கு லண்டனிலும் பர்மிங்ஹாமிலும்கூடக் கிளைகள் ஏற்பட்டன. நகரத்துக் கிளைகளில் தொழிற் படிப்புக்குக் கூட்டம் வந்தது. தாய்வீடாகிய லாம்பீட்டரில் கூட்டம் கரைந்தது. 2024-ம் வருஷம் நவம்பரில் நிர்வாகிகள் சொன்னார்கள்: வளாகத்தில் நூறு மாணவர்கள்கூட இல்லை, கட்டடங்களைப் பழுது பார்க்கப் பெரும் பணம் வேண்டும், மிச்சமிருக்கும் பாடங்களைக் கார்மார்தனுக்கு மாற்ற வேண்டியதுதான். பழைய மாணவர்கள் கண்டித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். 2025-ம் வருஷம் ஜனவரியில் முடிவு உறுதியாயிற்று.

நிர்வாகிகளின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லத் தயாரில்லை. நூறு பேருக்குக் குறைந்த மாணவர்கள், பல நூறு பேருக்குக் கட்டிய வளாகத்தில் வசித்தால் அது கலாசாலையாக இராது. திருவிழா முடிந்த மறுநாள் கோயில் பிராகாரம் போலிருக்கும். அந்த மாணவர்களுக்கும் தோழமை வேண்டும். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நூறாகக் குறைந்த பிறகு மூடுவது நியாயம் என்றால், ஆயிரம் நூறாகக் குறைந்த வருஷங்களில் யார் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் லாம்பீட்டரில் மட்டும் இல்லை. கெரெடிகியான் ஜில்லாவின் ஜனத்தொகை 2011-ம் வருஷத்துக்கும் 2021-ம் வருஷத்துக்கும் இடையே நூற்றுக்கு ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கிறது. வேல்ஸ் தேசத்திலேயே இதுதான் பெரிய இறக்கம். இளைஞர் போகும் ஊரில் பாஷையும் தங்காது.

மனச் சோர்வுடன் மறுபடி பஸ் ஏறினோம். வடக்கே ஆபெரய்ரான் துறைமுகத்தைத் தாண்டி, கடலோரமாகவே சென்று ஆபெரிஸ்ட்வித் நகரத்தில் இறங்கினோம். கடல் அலை வந்து படியைத் தொடும் இடத்தில் கோபுரங்களோடு ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. அதன் கதையை நேயர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

1847-ம் வருஷத்தில் இங்கிலீஷ் அதிகாரிகள் மூவர் வேல்ஸ் தேசத்துப் பள்ளிகளைச் சோதித்து, நீல அட்டை போட்ட அறிக்கை ஒன்று வெளியிட்டார்கள். இந்த ஜனங்களின் பின்தங்கிய நிலைமைக்கு இவர்கள் பாஷையே ஒரு காரணம் என்று அதில் எழுதினார்கள். மெக்காலே பிரபு நமது நூல்களைப் பற்றி 1835-ம் வருஷத்தில் என்ன எழுதினார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அந்த அறிக்கை எப்படிச் சுட்டிருக்கும் என்பதும் நமக்குப் புரியும். வேல்ஸ் ஜனங்கள் அதற்கு "நீலப் புஸ்தகத் துரோகம்" என்று பெயரிட்டார்கள். கோபத்தோடு நின்றுவிடவில்லை. நமக்கென்று ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று கிளம்பினார்கள். ரயில் காண்டிராக்டர் ஒருவர் இந்தக் கடற்கரையில் பிரம்மாண்டமான ஹோட்டல் ஒன்று கட்ட ஆரம்பித்துத் திவாலாகிப் போயிருந்தார். அந்த அரைகுறைக் கட்டடத்தைப் பத்தாயிரம் பவுனுக்கு வாங்கி, 1872-ம் வருஷத்தில் கலாசாலையை ஆரம்பித்தார்கள். சர்க்கார் பணம் தரவில்லை. 1875-ம் வருஷம் முதல் அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைச் "சர்வகலாசாலை ஞாயிறு" என்று வைத்து, ஜபக்கூடந்தோறும் தட்டு ஏந்தினார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியும், கல் உடைப்பவனும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும் காசு போட்டார்கள். 1885-ம் வருஷத்தில் கட்டடத்தில் பெரும் பகுதி தீயில் எரிந்து போயிற்று. மறுபடியும் தட்டு ஏந்தி மறுபடியும் கட்டினார்கள்.

இந்த ஆபெரிஸ்ட்வித் இன்றும் சர்வகலாசாலையாகவே நிற்கிறது. அதற்கும் பணக் கஷ்டம் இல்லாமலில்லை. ஆனால் நிற்கிறது. குன்றின் மேல் வேல்ஸ் தேசத்தின் தேசியப் புஸ்தகசாலை இருக்கிறது. பிரிட்டனிலிருந்து கற்க வருகிறவர்களோடு, சொந்தப் பாஷையிலேயே உயர்ந்த படிப்புப் படிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். வேறெங்கும் கிடைக்காத ஒன்றை வைத்திருக்கும் கடையைச் சந்தை அவ்வளவு சுலபத்தில் மூடிவிட முடிவதில்லை.

மற்றொரு யுக்தியும் செய்திருக்கிறார்கள். 2011-ம் வருஷத்தில் "தேசிய வேல்ஷ் கலாசாலை" என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்கென்று மாணவர் விடுதியோ, வகுப்புக் கட்டடமோ கிடையாது. இருக்கிற சர்வகலாசாலைகளிலேயே வேல்ஷ் பாஷையில் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கும், அதில் படிக்கும் மாணவர்களுக்கும் அது உதவி செய்கிறது. ஓர் ஊரில் இரண்டு மாணவர்கள், இன்னோர் ஊரில் மூன்று மாணவர்கள் என்று சிதறிக் கிடப்பவர்களை ஒரே வகுப்பாகச் சேர்க்கிறது. சிறியவர்கள் ஒருவரோடொருவர் போட்டி போட்டால் இருவரும் அழிவார்கள். கைகோத்தால் பிழைக்க வழியுண்டு என்பதற்கு இது ஒரு திருஷ்டாந்தம். இதே ஞானம் இருபது வருஷங்களுக்கு முன்பே வந்து, லாம்பீட்டரின் கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும் வேல்ஸ் முழுவதற்கும் பொதுச் சொத்தாக ஆக்கப்பட்டிருந்தால், கதை வேறு விதமாக முடிந்திருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டுச் சர்வகலாசாலைகள் நமது மண்ணிலேயே கிளை வைக்கலாம் என்று 2023-ம் வருஷத்தில் சர்வகலாசாலை மானியக் கமிஷன் விதிகள் வகுத்தது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் சர்வகலாசாலை குஜராத்திலும், இங்கிலாந்தின் சௌதாம்டன் சர்வகலாசாலை டில்லிக்கு அடுத்த குருகிராமிலும் வகுப்புகளை ஆரம்பித்து விட்டன. வருகிறவர்களை நாம் பகைக்க வேண்டியதில்லை. கல்வி எங்கிருந்து வந்தாலும் கல்விதான். ஆனால் அவர்கள் எந்த ஊருக்கு வருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பணமுள்ள நகரத்துக்கு வருகிறார்கள். ஆட்டு மந்தைக்கும் கரிசல் காட்டுக்கும் நடுவே ஒருவரும் கலாசாலை திறக்க வர மாட்டார்கள். அங்கே இருக்கிற சிறிய கலாசாலையை அந்த ஊராரும், அந்த மாகாணமும், அதில் படித்துப் பெரியவர்களான பழைய மாணவர்களும்தான் காப்பாற்ற வேண்டும். அதுவும் ஆயிரம் பேர் இருக்கும்போதே கவனிக்க வேண்டும். நூறு பேர் ஆன பிறகு கண்ணீர் விட்டுப் பயனில்லை.

ஆகவே நேயர்களுக்கு ஒரு யோசனை. பையனுக்கோ பெண்ணுக்கோ கலாசாலை தேடும்போது உலகப் பட்டியலைத் தாராளமாகப் பாருங்கள். அதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அங்கே முதல் வருஷத்து மாணவனுக்குப் பாடம் சொல்லுகிறவர் யார்? அவருக்கு அவன் பெயர் தெரியுமா? அவன் அங்கே படிப்பதற்காக வீடு கடனில் மூழ்காமல் இருக்குமா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கலாசாலையிலேயே கிடைத்தாலும் கிடைக்கலாம். கிடைத்தால் அதை அற்பம் என்று தள்ளிவிட வேண்டாம்.

வேல்ஷ் பாஷையில் "அஸ்கோல்" என்றொரு வார்த்தை இருக்கிறது. பள்ளிக்கூடம் என்பது அதற்கு ஒரு பொருள். ஏணி என்பது மற்றொரு பொருள். சர்வகலாசாலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரிலும் அந்த வார்த்தையே இருக்கிறது. ஏணி எவ்வளவு உயரமானது என்று உலகம் அளந்து பட்டியல் போடுகிறது. பிஷப் பர்ஜஸும், தட்டில் காசு போட்ட சுரங்கத் தொழிலாளியும் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. ஏணியின் அடிப்படி ஏழை வீட்டு வாசலுக்கு எட்டுகிறதா என்பதே அவர்கள் கேள்வி. லாம்பீட்டர் ஊர்க் குழந்தைகளுக்கு அந்த அடிப்படி இன்று கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது.